தறிக்கூலியில் ஒரு மாதம்

காஞ்சிபுரத்துப் பட்டு வணிகர்களுக்கும், கைத்தறிக் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியோர்களே,



நம் ஊருக்குப் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர் எவரானாலும் நாம் காட்டும் வழி காந்தி ரோடுதான். உங்களில் பலருடைய கடைகள் அந்தத் தெருவில் இருக்கின்றன. அங்கே வியாபாரம் நடந்தால் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும். அங்கே கூட்டம் குறைந்தால் இங்கே அடுப்பு வரைக்கும் தெரியும். அந்தக் காந்தியின் வழியில் வாழ்நாள் முழுவதும் நடந்த ஒருவரைப் பற்றியும், அவர் வாழ்க்கை நம் ஊரின் முன்னால் வைக்கும் ஒரு கேள்வியைப் பற்றியும் உங்களிடம் பேச விரும்புகிறேன். நான் தறிவீட்டில் பிறந்தவன். உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்பதற்காக எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டு மே மாதம் அகில இந்திய சர்வோதய மாநாடு காஞ்சிபுரத்தில் நடந்தது. அது எட்டாவது மாநாடு. முந்தைய ஆண்டு பூரியிலும் அடுத்த ஆண்டு காலடியிலும் கூடியது. பூமிதானம் கேட்டு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த வினோபா பாவே, ஆந்திரத்தைக் கடந்து அந்த மாதம்தான் தமிழ்நாட்டுக்குள் வந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 60. வரதராஜரையும் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் தேடி யாத்திரிகர்கள் வந்து பழகிய நம் ஊருக்கு, நிலமில்லாதவர்களுக்காகக் கையேந்தி வந்த யாத்திரிகர் அவர். 2026 மே மாதத்தோடு அந்த மாநாட்டுக்கு 70 ஆண்டுகள். ஊரில் இன்று அதை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. அதனால் அவர் யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

விநாயக் நரஹரி பாவே 1895 செப்டம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் ககோடே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நெசவுப் பயிற்சி பெற்றவர்; பரோடாவில் வேலை பார்த்தார். 1916இல் பரீட்சை எழுதப் பம்பாய்க்கு ரயில் ஏறிய மகன், சூரத்தில் இறங்கிக் காசிக்குப் போய்விட்டார். ஏற்கெனவே தன் சான்றிதழ்களை அடுப்பில் போட்டவர் அவர். காசியில் காந்தியின் பேச்சு ஒன்றைப் பற்றிப் படித்தார், அவருக்குக் கடிதம் எழுதினார், அழைப்பு வந்தது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று ஆமதாபாத் கோச்ரப் ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். அன்று தொடங்கிய பிணைப்பு கடைசிவரை அறுபடவே இல்லை. 1921இல் வார்தா ஆசிரமத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் காந்தி இவரிடம் ஒப்படைத்தார்.

1923இல் நாகபுரி கொடிப் போராட்டத்தில் சிறை சென்றார். வைக்கம் போராட்டத்தைப் பார்த்து வரக் காந்தி இவரை அனுப்பினார். 1932இல் துலியா சிறையில் சக கைதிகளுக்குக் கீதை சொன்னார். 1940இல் இந்தியாவைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்ட பிரிட்டிஷ் அரசை எதிர்த்துத் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, முதல் சத்தியாக்கிரகியாகக் காந்தி தேர்ந்தெடுத்தது வினோபாவை. நேரு இரண்டாவது ஆள்தான். அக்டோபர் 17 அன்று பவுனாரில் வினோபா எழுந்து பேசும்வரை, நாட்டில் பெரும்பாலோர் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது அவரை அடைத்துவைத்த சிறைகளில் ஒன்று, நமக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர்ச் சிறை. அங்கே அவர் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் கற்றார். அந்த மக்களோடு பேச வேண்டியிருக்கும் என்று எண்ணிப் படித்த மனிதர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே மக்களிடம் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்.

விடுதலைக்குப் பிறகு அவர் எந்தப் பதவியையும் தேடவில்லை. அரசாங்கத்தின் பக்கம் போகவே இல்லை. இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் வரக்கூடியவை. அவர் வாழ்க்கையில் உங்கள் பார்வைக்குக் கொண்டுவர நான் விரும்பும் பகுதி வேறு. அது ராட்டையின் முன்னால் கழிந்த காலம்.

வினோபா கதரைப் பற்றி மேடையில் பேசிவிட்டு இறங்கிப் போனவர் இல்லை. நூற்றார், நெய்தார், கட்டிலுக்கான நாடா நெய்தார். 1930களின் நடுவில், வார்தாவை ஒட்டிய நால்வாடியில் வாழ்ந்தபோது ஒரு சோதனையில் இறங்கினார். நாள் முழுக்க நூற்று, அந்த நூலுக்குச் சாதாரண நூற்பவருக்கு என்ன கூலி கிடைக்குமோ அதை மட்டும் கொண்டு உண்டு வாழ்ந்து பார்ப்பது என்பது அந்தச் சோதனை. ஆசிரமத்தின் பொதுப் பணத்தில் கை வைக்கக்கூடாது.  நூற்ற கைக்கு வரும் காசு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சாப்பாடு. கைத்தேர்ச்சி மிகுந்த அவருக்கே அந்தக் காசு போதவில்லை. கதரை உடுத்துபவர் தேசபக்தர் என்று போற்றப்பட்ட நாளில், அந்தக் கதருக்கு நூல் தந்த கிராமத்துப் பெண் அரை வயிற்றோடு இருந்தாள் என்பதை அவர் தன் வயிற்றாலேயே அறிந்துகொண்டார்.

1935இல் காந்தியும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டு அணா என்பதை இலட்சியமாக முன்வைத்தார். கதர் விலை ஏறிவிடும், வாங்குவோர் ஓடிவிடுவார்கள், இருக்கிற கூலியும் போய்விடும் என்று சொந்த இயக்கத்துக்குள்ளேயே பலர் பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆலைத் துணி மலிவாகக் கிடைத்த காலம் அது. ஆனாலும் அந்த ஆண்டு அக்டோபரில் அகில இந்திய நூற்போர் சங்கம் தீர்மானம் போட்டது. இப்போது தரும் கூலி போதாது. எட்டு மணி நேரம் திறமையாக நூற்பவருக்கு, உடம்பைக் காக்கத் தேவையான குறைந்தபட்ச உணவும் ஆண்டுக்கு 20 கஜம் துணியும் கிடைக்குமாறு கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்றது தீர்மானம். எட்டு அணாவை அவர்களால் எட்ட முடியவில்லை. ஆனால் கணக்குப் போடும் திசையே மாறிவிட்டது. சந்தையில் துணி என்ன விலைக்குப் போகும் என்று தொடங்கி, மிச்சத்தைக் கூலியாகக் கொடுப்பது பழைய முறை. உழைப்பவர் உயிர் வாழ என்ன வேண்டும் என்று தொடங்கி, அதன்மேல் துணிக்கு விலை வைப்பது புதிய முறை.

பெரியோர்களே, சர்வோதயம் என்ற சிந்தனையே கூலிக் கணக்கில் பிறந்ததுதான். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூல் ஒன்றைக் காந்தி படித்தார். உழைப்புக்கு நியாயமான ஊதியம் எது என்பதைப் பேசும் நூல் அது. வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்புதான், இருவருக்கும் தம் உழைப்பால் வாழும் உரிமை ஒன்றுதான் என்ற முடிவுக்கு அதைப் படித்த காந்தி வந்தார். 1908இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதியபோது ‘சர்வோதயம்’ என்று தலைப்பிட்டார். அந்தப் பெயரைத் தாங்கிய மாநாட்டுக்கு 1956இல் இடம் கொடுத்த ஊர், பட்டு நெய்து கூலி வாங்கும் நம் ஊர். அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க வேறு எந்த ஊருக்கு உரிமை இருந்தாலும் நமக்கு இல்லை.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. உங்கள் கடை அலமாரிகளில் காஞ்சிப் பட்டுக்குப் பக்கத்திலேயே போச்சம்பள்ளிப் பட்டும் இருக்கும். நூலிலேயே கட்டிச் சாயமிட்டு நெய்யும் தெலங்கானா நெசவூர் அது. தெலங்கானாவில் நிலப்பிரபுக்களை எதிர்த்து விவசாயிகள் ஆயுதம் ஏந்தியிருந்த காலத்தில், 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா அங்கே போய்ச் சேர்ந்தார். ஊரின் தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் 40 குடும்பங்களுக்கு 80 ஏக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றார்கள். அரசாங்கத்துக்கு மனு எழுதலாம் என்று முதலில் எண்ணிய வினோபா, கூடியிருந்தவர்களைப் பார்த்து இங்கே யாராவது தர முடியுமா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அந்த ஊருக்கு இன்று பூதான் போச்சம்பள்ளி என்றே பெயர்.

அன்றிலிருந்து 13 ஆண்டுகள் நடந்தார். உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி ஆறில் ஒரு பங்கு கொடுங்கள் என்பது அவர் கேட்ட முறை. நாற்பது லட்சம் ஏக்கருக்கும் மேல் தானமாக வந்தது. நிலம் இல்லாத வணிகர்களையும் அவர் விட்டுவிடவில்லை. அவர்களிடம் சம்பத்தி தானம் கேட்டார். வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் பணத்தை அவர் கையால் தொடமாட்டார். கொடுப்பவரே வைத்திருந்து, ஏழைகளின் நலனுக்குச் செலவிட்டு, கணக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு நம்பிக்கை வேண்டும் ஒரு மனிதருக்கு, உடைமை வைத்திருப்பவரின் மனச்சாட்சி மேல்! அகிம்சை என்று அவர் வாழ்ந்து காட்டியது இந்த நம்பிக்கையைத்தான். 1953இல் தேவ்கர் வைத்தியநாதர் கோயிலுக்குத் தாழ்த்தப்பட்டோருடன் போனபோது அவரை அடித்தார்கள். அடித்தவர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றார். கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இப்போது நம் தறிக்கு வருகிறேன்.

கோர்வைச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடல் நாடாவையும் இரண்டு கரை நாடாக்களையும் தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொரு ஊடையிலும் கரையையும் உடலையும் கோத்துக் கோத்துப் போக வேண்டும். அதற்கு நெய்பவர் ஒருவர் போதாது; பக்கத்தில் கோர்வைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பள்ளிக்கூடம் போகாமல். அந்தக் கொடுமையைக் குறைக்க நம் ஊர் வெகுகாலம் போராட வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் மனைவி உட்காருகிறார். முந்தானையை வேறு நிறத்தில் இணைக்கப் பெட்னி போட வேண்டும். பழைய பாவு இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையை இணைக்க வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு ஓட வேண்டும். புதிய பாவு பிணைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். அதை வீட்டிலிருக்கும் கிழவி செய்வாள். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும். அடுத்த பாவு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் கணக்கு எப்படி இருக்கிறது? சேலைக்கு இவ்வளவு கூலி என்று ஒரே தொகை. அந்தத் தொகைக்குள் எத்தனை கைகள் இருக்கின்றன, எத்தனை நாட்கள் இருக்கின்றன, வேலையில்லாமல் கழிந்த நாட்கள் எத்தனை என்பது சீட்டில் வருவதில்லை. மனைவியின் உழைப்பும் தாயின் உழைப்பும் நெய்பவரின் கூலிக்குள் பெயரில்லாமல் கரைந்துவிடுகின்றன. கூலித்தறிக்காரருக்குக் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் கொடுத்திருப்பீர்கள். அது உதவிதான், ஆபத்தில் கொடுத்த கையை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் கூலி போதாததால் வாங்கும் முன்பணம், கூலி உயர்வு கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது. இது உங்களுக்கும் தெரியும்.

இதன் விளைவு தறிவீடுகளில் தெரிகிறது. பிள்ளைகள் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம், வார விடுமுறை, வைத்தியக் காப்பீடு என்று வாழ்வதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தறியில் உட்காருபவர்களில் நரைத்த தலைகளே மிகுதி. மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு என்ற வேலைப்பாடுகளெல்லாம் அவர்கள் கைகளில்தான் இருக்கின்றன. அந்தக் கைகள் ஓய்ந்தால், புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெயர் மட்டும் நம்மிடம் இருக்கும்.

உங்கள் சங்கடங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. தங்கமும் வெள்ளியும் விலை ஏறினால் சரிகை விலை ஏறுகிறது. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலின் விலை நிலையாக இருப்பதில்லை. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டென்று சொல்லி விற்பவர்களோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கிறது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அந்தப் போட்டி ஓயவில்லை. சங்கங்களுக்குத் தேங்கிய சரக்கு ஒரு சுமை. ஆனால் 1935இல் நூற்போர் சங்கத்தின் முன் இருந்த பயமும் இதேதான். சரிகையின் விலை ஏறும்போது சேலையின் விலையை ஏற்றுகிறோம், வாங்குபவரிடம் விளக்கிச் சொல்கிறோம், அவரும் ஏற்றுக்கொள்கிறார். நெசவாளரின் அரிசி விலை ஏறும்போது மட்டும் சந்தை தாங்காது என்கிறோம். சரிகைக்கு இருக்கும் நியாயம் கைக்கும் வேண்டும்.

வினோபாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் இயக்கத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. தானமாக வந்த நிலத்தில் ஒரு பகுதிதான் ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தது. கல்லும் கரடுமாக இருந்த நிலத்தைக் கொடுத்தவர்கள் உண்டு. வழக்கில் இருந்ததைக் கொடுத்தவர்கள் உண்டு. வாயால் கொடுத்துப் பத்திரம் எழுதாமல் விட்டவர்கள் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் எடுத்த நிலைப்பாடு அவரோடு நடந்தவர்களையே இரண்டாகப் பிரித்தது. ஆனால் அந்தக் குறைகளிலிருந்து பாடம் கற்றுக்கொண்டவர்களும் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள்.

சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் விடுதலை பெற்ற நாட்டில்தான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்தவர்கள். வினோபாவோடு நடந்தவர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டபோது, அந்தப் பகுதிக்கே போய்த் தங்கி வேலை செய்தார்கள். மனம் இரங்கிக் கொடுப்பதோடு காரியம் முடியாது என்று கண்ட அவர்கள், 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தார்கள். மாற்று நோபல் எனப்படும் விருது 2008இல் அவர்களைத் தேடி வந்தது. பேச்சில் அன்பு, பத்திரத்தில் உறுதி என்பதே அவர்கள் காட்டிய வழி. நமக்கும் அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று.

முதலாவது, வினோபா நால்வாடியில் செய்ததைச் செய்து பாருங்கள். உங்களுக்கு நெய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாவுக்கு நீங்கள் தரும் கூலியைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பாவு முடிய எத்தனை நாட்கள் ஆகுமோ, அத்தனை நாட்களும் உங்கள் வீட்டு மளிகை, பால், மருந்து, மின்கட்டணம், பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாவற்றையும் அதிலிருந்தே நடத்துங்கள். ஒரே ஒரு மாதம் போதும். கடை முதலாளியும் செய்யட்டும், சங்கத் தலைவரும் செய்யட்டும். கணக்கை வீட்டுப் பெண்கள் எழுதட்டும். எங்கே இடிக்கும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டாவது, கூலியை ஆட்களாலும் நாட்களாலும் கணக்கிடுங்கள். நெய்பவருக்கு எத்தனை நாள், கோர்வைக்கு உட்கார்ந்தவருக்கு எத்தனை நாள், தார் சுற்றியவருக்கும் பாவு பிணைத்தவருக்கும் எவ்வளவு என்று கூலிச் சீட்டில் தனித்தனியாக எழுதுங்கள். கோர்வைக்கு உட்காரும் பெண்ணின் கூலியை அவர் பெயரிலேயே கொடுங்கள். முன்பணத்தைக் கூலியோடு கலக்காமல் வேறு ஏட்டில் வையுங்கள். கடன் இருப்பதால் கூலி குறையாது என்பதைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். சேலையோடு வாடிக்கையாளருக்குத் தரும் பில்லிலும், இதில் நெசவுக்கூலி இவ்வளவு என்று ஒரு வரி வரட்டும். பட்டையும் சரிகையையும் சோதித்து வாங்கத் தெரிந்தவர்கள் அதையும் பார்த்து வாங்கக் கற்றுக்கொள்வார்கள். விசைத்தறிச் சேலையிலிருந்து உங்கள் சேலையைப் பிரித்துக் காட்ட அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

மூன்றாவது, சம்பத்தி தானத்தை இந்த ஊரில் புதுப்பியுங்கள். ஆறில் ஒரு பங்கு என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை, வினோபாவுக்கு இருந்தது. உங்களால் இயன்ற பங்கை நீங்களே வைத்திருங்கள், நீங்களே செலவிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஊரறியக் கணக்குச் சொல்லுங்கள். தறி கற்க முன்வரும் இளைஞருக்குக் கற்கும் காலத்திலேயே வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய ஊதியம் கொடுக்க அது பயன்படட்டும். கம்பெனி பஸ்ஸை விட்டுத் தறிக்கு வருகிற ஒருவன் வேறு வழியில்லாமல் வரக்கூடாது; விரும்பி வர வேண்டும்.

நம் ஊரின் செங்குந்தர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, தறிக்காரர் துயரத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுபோனவர். அவர் கட்சியும் காங்கிரசும் பொதுவுடைமைக் கட்சியும் இந்தத் தெருக்களில் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கின்றன. கூலிக்காகப் போராடிய தொழிற்சங்கங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அவர்கள் போராட்டம் தொடர வேண்டும், அது அவர்கள் உரிமை. அதோடு கூட, கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் தாமாகவே ஓர் அடி எடுத்துவைக்க முடியும் என்பதைத்தான் வினோபாவின் வாழ்க்கை சொல்கிறது. போச்சம்பள்ளியில் எழுந்து நின்றவரை யாரும் வற்புறுத்தவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்.

அடுத்த கூலிப் பேச்சுக்கு உட்காரும் முன் அந்த ஒரு மாதத்தை முடித்துவிட்டு வாருங்கள். கையில் அந்த மாதத்தின் வீட்டுக் கணக்கு நோட்டும் இருக்கட்டும். அதைப் பார்த்து, இதுதான் நியாயமான கூலி என்று நீங்களே ஒரு தொகையைச் சொல்லுங்கள். அந்த மாதத்தை வாழ்ந்து முடித்தவர் சொல்லும் தொகையின் மேல் நெசவாளர் யாரும் பேரம் பேச வேண்டியிருக்காது என்று முழுமனதோடு நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தறிவீட்டில் பிறந்த ஒருவன்,
காஞ்சிபுரம்